பழைய பேஸ்பால் கார்டெல்லாம் பணமாகுமா?

"டிராக்டர் படம் போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டு வீட்டில் இருக்கிறதா? நீங்கள்தான் லட்சாதிபதி!" இந்த மாதிரி வீடியோ வராத வாட்ஸ்அப் குழு நம் ஊரில் அபூர்வம். பழைய நோட்டை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணம் கேட்கும் மோசடிகளைப் பற்றி அந்த வங்கியே 2021-இல் எச்சரிக்கை விட்டது. நோட்டு பழசு என்பது உண்மை. ஆனால் அது கோடிக்கணக்கில் அச்சான நோட்டு. இன்றைக்கும் எத்தனையோ பீரோக்களிலும் பழைய டைரிகளுக்குள்ளும் கிடக்கிறது. இருப்பு ஏராளம், தேடுகிறவர் கொஞ்சம். அப்புறம் எப்படி விலை ஏறும்?

அமெரிக்காவில் பேஸ்பால் கார்டுகளைச் சுற்றி நடப்பதும் இதே குழப்பம்தான். மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் 1952-ஆம் வருடக் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம், பரணில் கிடக்கும் 1990-ஆம் வருடக் கார்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைக்காரர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். 30 வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்த பெட்டி அது. அதற்கு ஏன் விலை இல்லை?

பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம். எப்படி என்று பார்ப்போம்.

கார்டு என்பது என்ன?

கையளவு கெட்டி அட்டை. 1957-இலிருந்து இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம் என்பதே வழக்கமான அளவு. முன்பக்கம் ஆட்டக்காரரின் படம், பெயர், அணியின் சின்னம். பின்பக்கம் அவருடைய பிறந்த ஊர், உயரம், எடை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் வருடவாரியான ஆட்டக் கணக்கு.

அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். ஒரு சீசனில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடுகிறது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலம் வரை கிட்டத்தட்ட தினமும் ஓர் ஆட்டம் இருப்பதால், தன் அணியைப் பின்தொடர்கிறவருக்கு அது சாப்பாடு தூக்கம் மாதிரி அன்றாட வாழ்க்கையில் சேர்ந்துவிடுகிறது. கார்டு அந்தப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்ட பொருள்.

இது முதலில் குழந்தைகளுக்கான பொருளாகவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிகரெட் கம்பெனிகள், பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஓர் அட்டையை வைத்தன. வெறும் அட்டைக்குப் பதில் படம் போட்ட அட்டை வைத்தால் விளம்பரமும் ஆயிற்று. 1930-களில் சூயிங்கம் கம்பெனிகள் இந்த யோசனையை எடுத்துக்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புரூக்ளினைச் சேர்ந்த டாப்ஸ் என்ற கம் கம்பெனி களத்தில் இறங்கி, போட்டியாளரான போமனை 1956-இல் வாங்கியது. அடுத்த 25 வருடத்துக்கு இந்தத் தொழிலே கிட்டத்தட்ட அவர்கள் கையில்தான் இருந்தது. பையன்கள் சில சென்ட் கொடுத்துப் பொட்டலம் வாங்குவார்கள், கம்மை மெல்லுவார்கள், தங்கள் அணி ஆட்டக்காரரை வைத்துக்கொள்வார்கள், மற்றதை மாற்றிக்கொள்வார்கள். மிஞ்சியதைத் துணிக்கிளிப் போட்டு சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் மாட்டி 'டடடட' என்று சத்தம் வரவைப்பார்கள். பையன் காலேஜுக்குப் போனதும் அம்மா பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுவார்.

அந்தக் குப்பைத்தொட்டிதான் இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம்.

அச்சானது எத்தனை, மிஞ்சியது எத்தனை

ஒரு கார்டின் விலையை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. இன்றைக்கு எத்தனை பிரதி மிஞ்சியிருக்கிறது என்பது ஒன்று. எத்தனை பேர் அதைத் தேடுகிறார்கள் என்பது இன்னொன்று. வயது இந்தக் கணக்கில் நேரடியாக எங்கும் வராது. வயதானால் பிரதிகள் தொலையும், அதனால் மிச்சம் குறையும். வயதுக்கு உள்ள பங்கு அவ்வளவுதான்.

இதற்குச் சரியான சாட்சி ஹோனஸ் வாக்னர் கார்டு. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை வெளியிட்ட ஒரு தொகுதி இருக்கிறது. இன்றைக்கு அதை டி206 என்கிறார்கள். அந்தக் குறியீட்டைக் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக் என்ற சேகரிப்பாளர். அவர் பழைய அச்சு அட்டைகளுக்கெல்லாம் பட்டியல் போட்டு, தான் சேர்த்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தத் துறையில் பணத்தைப் பற்றியே பேச்சு போகும்போது எனக்கு அந்த மனிதரைத்தான் நினைக்கத் தோன்றும். சரி, விஷயத்துக்கு வருவோம்.

டி206 தொகுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கார்டுகள் உண்டு. பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின் தேய்ந்துபோன டி206 கார்டை இன்றைக்கும் நூறு டாலருக்குள் வாங்கலாம். நூறு வருடம் தாண்டிய பொருள், நூறு டாலர். அதே தொகுதியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வாக்னர் கார்டு ஒன்று 2022-இல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. ஒரே கம்பெனி, ஒரே காலம், ஒரே மாதிரி அட்டை. வாக்னர் தன் படத்தைப் போட வேண்டாம் என்று சொன்னதால் அவருடைய கார்டு மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தன் படத்துக்காகச் சிகரெட் வாங்கக் கூடாது என்று நினைத்தார் என்று ஒரு கதை. கம்பெனி காசு தரவில்லை என்று கோபப்பட்டார் என்று இன்னொரு கதை. எது உண்மையானாலும் விளைவு ஒன்றுதான்: இன்று இருப்பதாகத் தெரிவது சுமார் 50, 60 பிரதிகள். அதோடு அவர் சாதாரண ஆளும் அல்ல, பேஸ்பால் வரலாற்றின் மிகச் சிறந்த ஷார்ட்ஸ்டாப்புகளில் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுப்பவர்) ஒருவர். மிச்சம் மிகக் குறைவு, தேடுகிறவர்கள் மிக அதிகம்.

மேன்டில் கதை இன்னும் சுவாரசியம். 1952-இல் டாப்ஸ் 407 கார்டு கொண்ட பெரிய தொகுதியைக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியிடவில்லை. பகுதி பகுதியாக விட்டார்கள். 311-ஆம் எண்ணிலிருந்து தொடங்கும் கடைசிப் பகுதி சீசன் முடியும் தறுவாயில் வந்தது. அதற்குள் பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்கு மாறிவிட்டார்கள், கடைக்காரர்களும் புதிய சரக்கு வேண்டாம் என்றார்கள். அந்தப் பகுதியின் முதல் கார்டு, அதாவது 311-ஆவது, மேன்டில். நீல வானப் பின்னணி, தோளில் மஞ்சள் மட்டை, எங்கோ மேலே பார்க்கும் இளைஞன். அவருக்கு அப்போது இருபது வயதுதான்.

விற்காத பெட்டிகள் வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்தன. அந்தத் தொகுதியை வடிவமைத்த சை பெர்கர் அவற்றைத் திருவிழாக் கடைக்காரர்களுக்குத் தள்ளிவிடப் பார்த்தார். அவர்களும் எடுக்கவில்லை. கடைசியில் 1960 வாக்கில், மிஞ்சியதையெல்லாம் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக அவரே பின்னாளில் சொன்னார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேன்டில் கார்டு, அதே பகுதியின் வேறு இரண்டு கார்டுகளைப் போல, மற்றவற்றைவிட இரண்டு மடங்கு அச்சிடப்பட்டது. ஆக, அந்தப் பகுதியிலேயே அது அபூர்வமானது அல்ல. ஆனால் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பெரிய நட்சத்திரமாக அவர் வளர்ந்ததால், தேடுகிறவர்கள் பக்கம் தராசு ஒரேயடியாகச் சாய்ந்துவிட்டது. பக்கத்து எண் ஆட்டக்காரர்களை அந்த அளவுக்கு யார் தேடப் போகிறார்கள்?

சுருக்கமாக: பழசு என்பதால் விலை வருவதில்லை. நிறைய பேர் தூக்கிப் போட்டு, அதன் பிறகு நிறைய பேர் தேடினால்தான் வரும்.

எல்லாரும் பத்திரப்படுத்திய காலம்

1950-களில் கார்டு வாங்கிய பையன்கள் 1980-களில் சம்பாதிக்கிற மனிதர்கள் ஆனார்கள். தொலைத்த கார்டுகளைத் திரும்ப வாங்க ஆரம்பித்தார்கள், விலை ஏறியது. "அம்மா குப்பையில் போட்ட கார்டு இன்றைக்கு ஆயிரம் டாலர்" என்ற ரீதியில் செய்திகள் வந்தன. புள்ளியியல் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பெக்கெட், 1984-இல் கார்டு விலைகளை மாதாமாதம் வெளியிடும் பத்திரிகையைத் தொடங்கினார். அதுவரை பொம்மையாக இருந்த அட்டைக்குப் பங்குச் சந்தை மாதிரி ஏற்ற இறக்க அம்புக்குறிகள் வந்துவிட்டன.

டாப்ஸின் தனியாட்சியும் அதற்குள் முடிந்திருந்தது. வழக்கு ஒன்றைத் தொடர்ந்து 1981-இல் ஃப்ளீர், டான்ரஸ் என்ற இரண்டு கம்பெனிகள் உள்ளே வந்தன. 1989-இல் அப்பர் டெக் வந்தது: வழவழப்பான தாள், போலி செய்ய முடியாதபடி ஹோலோகிராம், அதற்கேற்ற விலை. அதன் முதல் கார்டில் சியாட்டில் மரினர்ஸ் அணியின் கென் கிரிஃபி ஜூனியர். இளம் சிரிப்பு, கழுத்தில் சங்கிலி. தலையில் இருப்பது மரினர்ஸ் தொப்பி மாதிரித் தெரியும். உண்மையில் அது கீழ்மட்ட லீக் அணிக்காக ஆடியபோது எடுத்த படம், தொப்பியின் நிறத்தையும் சின்னத்தையும் பிறகு மாற்றி வரைந்தார்கள்.

தேவை கூடியதால் கம்பெனிகள் அச்சு இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. வாங்கியவர்களோ பொட்டலத்தைப் பிரித்தவுடன் கார்டை நேராகப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார்கள். சிலர் பெட்டியைப் பிரிக்காமலே பரணில் ஏற்றினார்கள், பிள்ளையின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று. யாரும் சைக்கிள் சக்கரத்தில் மாட்டவில்லை, எந்த அம்மாவும் குப்பையில் போடவில்லை. எத்தனை அச்சானதோ ஏறக்குறைய அத்தனையும் மிஞ்சியிருக்கிறது. 1980-களின் பிற்பாதியிலிருந்து 1990-களின் தொடக்கம் வரையிலான இந்தக் கட்டத்தைச் சேகரிப்பாளர்கள் 'ஜங்க் வாக்ஸ்' காலம் என்பார்கள். பொட்டலங்கள் மெழுகுத் தாளில் வந்ததால் அந்தப் பெயரில் மெழுகும் இருக்கிறது, குப்பையும் இருக்கிறது.

1994 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருட இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. ஏற்கெனவே தளர்ந்துகொண்டிருந்த கார்டு வியாபாரத்துக்கு அது பலத்த அடி.

கிரிஃபி பின்னாளில், மிகச் சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு 2016-இல் 99.3 சதவீத வாக்கு பெற்றுத் தேர்வானார். அதாவது எதிர்பார்ப்பு கொஞ்சமும் பொய்க்கவில்லை. அப்படியிருந்தும் அவருடைய 1990 டாப்ஸ் கார்டின் சாதாரணப் பிரதியை ஓரிரு டாலருக்கு வாங்கலாம். ஆட்டக்காரரின் திறமையால் மட்டும் விலையைத் தூக்கிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் நியூயார்க் மெட்ஸின் கிரெக் ஜெஃபரீஸ். 1988, 1989-இல் அவர் கார்டுக்கு அப்படியொரு அடிதடி. மோசமான ஆட்டக்காரர் அல்ல, அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஸ்டார் அணிக்கு இரண்டு முறை தேர்வானவர். ஆனால் சனங்கள் அடுத்த மேன்டிலை எதிர்பார்த்திருந்தார்கள். அவருடைய கார்டுகள் இன்றைக்குச் சில்லறைக் காசு.

இந்த இரண்டு பேர் கதையிலும் வருவது ரூக்கி கார்டு: ஓர் ஆட்டக்காரர் மேஜர் லீக்குக்கு வந்த புதிதில் வெளியாகும் முதல் வருடக் கார்டு. அவருடைய எல்லாக் கார்டுகளிலும் பொதுவாக இதற்குத்தான் விலை அதிகம். எது ரூக்கி கார்டு என்பதில் சண்டை வந்துகொண்டே இருந்ததால், 2006 முதல் கார்டின் மேலேயே அதற்கான முத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். 1952 மேன்டிலை அவருடைய ரூக்கி கார்டு என்று பலர் சொல்வார்கள்; அது தப்பு. 1951 போமன் கார்டு அதற்கு முந்தியது.

நான்கு மூலையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும்

மிஞ்சியது எத்தனை என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: நல்ல நிலையில் மிஞ்சியது எத்தனை?

ஒரு கார்டை எடுத்து விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். நான்கு மூலையும் கூராக இருக்கிறதா, அல்லது நுனி பிசிறி வெள்ளையாகத் தெரிகிறதா? ஓரத்தில் வெட்டுப்பட்ட சிராய்ப்பு உண்டா? மேற்பரப்பில் கீறல், விரல் ரேகை, பழைய கார்டாக இருந்தால் கம் ஒட்டியிருந்த கறை? கடைசியாகப் படத்தைச் சுற்றியுள்ள வெள்ளைக் கரையைக் கவனியுங்கள். இடப்பக்கம் அகலமாகவும் வலப்பக்கம் நூல் மாதிரியும் இருந்தால், அச்சகத்தில் வெட்டும்போதே நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும் அது பிறவிக் குறை.

இந்த நான்கையும் மூன்றாம் ஆள் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் கிரேடிங். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி, பெக்கெட் போன்ற நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கார்டைத் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரும். அந்தப் பெட்டிக்கு ஸ்லாப் என்று பெயர். எந்தக் கார்டுக்கு எந்த மதிப்பெண்ணில் இதுவரை எத்தனை பிரதி அடைக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலையும் வெளியிடுகிறார்கள். அதைச் சுருக்கமாக பாப் ரிப்போர்ட் என்பார்கள்.

அந்தப் பட்டியலைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். 1952 டாப்ஸ் மேன்டிலில் பிஎஸ்ஏ 10 வாங்கியவை மூன்றே மூன்று. 1989 அப்பர் டெக் கிரிஃபியில் 10 வாங்கியவை பல ஆயிரம். 1.26 கோடி டாலருக்குப் போன மேன்டில் பிரதி எஸ்ஜிசியிடம் 9.5 வாங்கியது. அதை அப்போதைய உரிமையாளர் 1991-இல் 50,000 டாலருக்கு வாங்கியிருந்தார். மூலை மழுங்கி நடுவில் மடிப்பு விழுந்த அதே கார்டு, இந்தத் தொகையில் ஒரு சிறு துளிக்குத்தான் போகும்.

மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? முடியாது. பிஎஸ்ஏ ஆரம்பித்த 1991-இல் முதன்முதலில் மதிப்பெண் போட்டது ஒரு வாக்னர் கார்டுக்கு. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி கூட்டாக 4.51 லட்சம் டாலருக்கு வாங்கிய பிரதி அது. மூலைகள் ஏன் அவ்வளவு கச்சிதமாக இருக்கின்றன என்று ரொம்ப நாள் பேச்சு இருந்தது. அதை முன்பு வைத்திருந்த பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், 2013-இல் ஒரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, ஓரங்களை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். இப்படி வெட்டிய கார்டைக் கண்டுபிடித்தால் வழக்கமாக மதிப்பெண்ணே தர மாட்டார்கள்.

இன்றைய அபூர்வம் அச்சகத்திலேயே பிறக்கிறது

ஜங்க் வாக்ஸ் பாடத்தைக் கம்பெனிகள் நன்றாகவே கற்றுக்கொண்டன. எல்லாரும் பத்திரப்படுத்தப் போகிறார்கள் என்றால், குப்பைத்தொட்டி செய்துவந்த வேலையை அச்சகமே செய்துவிடலாமே!

1990-இல் அப்பர் டெக், ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 கார்டுகளைப் பொட்டலங்களுக்குள் ஒளித்து வைத்தது. இன்றைக்கு அது சாதாரணம். ஒரே படத்தைப் பல நிறக் கரைகளில் அச்சிடுகிறார்கள். தங்க நிறத்தில் 50, சிவப்பில் 5, கடைசியாக ஒன்றே ஒன்று. இந்த நிற மாற்றப் பிரதிகள் பேரலல் எனப்படும். ஒவ்வொன்றின் மேலும் 23/50 என்பது போல எண் அடித்திருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரவுட்டின் 2009 போமன் குரோம் (டாப்ஸ் வெளியிடும் ஒரு ரகம்) கார்டில் அப்படி ஒன்றே ஒன்றாக வந்த பிரதி 2020-இல் 39 லட்சம் டாலருக்கு மேல் போனது. அதே ட்ரவுட்டின் சாதாரணக் கார்டு ஒரு காபி விலைக்குக் கிடைக்கும்.

அணிப் பற்றும் கார்டும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட சம்பவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023 முதல், மேஜர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடும் ஒவ்வொரு ஆட்டக்காரரின் சட்டைக் கையிலும் ஒரு சிறு துணி முத்திரை தைக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதை வெட்டி எடுத்து, கார்டுக்குள் பதித்து, ஆட்டக்காரரின் கையெழுத்தோடு ஏதோ ஒரு பொட்டலத்தில் போட்டுவிடுவார்கள். உலகத்தில் ஒன்றே ஒன்று. பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) பால் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம் அறிமுகமானார். அந்த வருடமே, மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான தேசிய லீக்கின் சிறந்த புதுமுகம் விருது. அவருடைய முத்திரைக் கார்டு வெளிவந்தபோது பைரேட்ஸ் நிர்வாகம் ஓர் அறிவிப்பு விட்டது: கண்டெடுப்பவர் அதை எங்களிடம் கொடுத்தால், ஹோம் பிளேட்டுக்கு (மட்டையாளர் நின்று ஆடும் இடம்) பின்னால் இரண்டு இருக்கை, 30 வருடத்துக்கு, இன்னும் சில சலுகைகளோடு.

கண்டெடுத்தது லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஒரு 11 வயதுப் பையன், கிறிஸ்துமஸ் பரிசாக வந்த பெட்டியில். கலிஃபோர்னியாக் குடும்பத்துக்குப் பிட்ஸ்பர்க் மைதானத்தில் 30 வருட இருக்கை எதற்கு? ஏலத்துக்கு விட்டார்கள். 2025 மார்ச்சில் 11.1 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியது பிட்ஸ்பர்க் பகுதியில் தலைமையகம் வைத்திருக்கும் டிக்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கடைக் குழுமம். கார்டு கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தது, பணம் வழியாக.

சுருக்கமாக: பழைய கார்டின் அபூர்வம் தற்செயலாக நேர்ந்தது. புதிய கார்டின் அபூர்வம் திட்டமிட்டு அச்சடித்தது. அதனால் புதிய கார்டில் வருடத்தைப் பார்ப்பதைவிட, எண் அடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாற்றிக்கொள்வதில் யாருக்கு லாபம்?

இரண்டு பேர் கார்டு மாற்றிக்கொண்டால் ஒருவர் ஏமாந்தார் என்றுதான் வெளியில் இருப்பவர் நினைப்பார். ஒருவர் லாபம் இன்னொருவர் நட்டமாகத்தானே இருக்க வேண்டும்?

ஸ்கீன்ஸ் கார்டுச் சம்பவத்திலேயே பதில் இருக்கிறது. அந்த 30 வருட இருக்கை பிட்ஸ்பர்க்கில் இருக்கும் ஒரு ரசிகருக்குச் சொத்து. லாஸ் ஏஞ்சலிஸ் குடும்பத்துக்கு அது விமானச் செலவு. கார்டும் அப்படித்தான். உங்கள் அணி மரினர்ஸ், பொட்டலத்தில் வந்ததோ ஒரு ஸ்கீன்ஸ். பிட்ஸ்பர்க்கில் ஒருவருக்கு மரினர்ஸின் ஹூலியோ ரோட்ரிகெஸ் வந்திருக்கிறது. சந்தையில் இரண்டும் பத்து டாலர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஸ்கீன்ஸ் வெறும் பத்து டாலர், ரோட்ரிகெஸ் அதற்கு மேல். அவருக்குத் தலைகீழ். மாற்றிக்கொண்டதும் இரண்டு பேரிடமும் முன்பைவிட வேண்டிய பொருள் இருக்கிறது. யாரும் தோற்கவில்லை. ஆளுக்கு ஓர் அணி இருப்பதால்தான் இந்தப் பண்டமாற்று நூறு வருடமாக ஓடுகிறது. எல்லாரும் யாங்கீஸ் ரசிகர்களாக இருந்தால் மாற்றிக்கொள்ள எதுவும் இருக்காது.

தேடுகிறவர்கள் யார் என்பது ஆட்டத் திறமையை மட்டும் வைத்து அமைவதில்லை என்பதும் இதில் அடக்கம். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பிட்சர் குமார் ராக்கரின் அம்மா இந்திய வம்சாவளி. அவர் கார்டை நம்மவர்கள் சிலர் எடுத்து வைப்பதற்கு அந்தப் பெயர் ஒன்றே போதும்.

கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சீசன் நடக்கும்போது விலை ஆட்டத்தோடு சேர்ந்து ஆடும். ஒரு மாதம் அடித்து நொறுக்கினால் ஏறும், காயம் பட்டால் இறங்கும். பிட்சர்கள் விஷயத்தில் இது அதிகம். அவர்கள் முழங்கை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சமமான திறமை உள்ள மட்டையாளருக்குக் கிடைக்கும் விலை பிட்சருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. சூடாக இருக்கும்போது கைமாற்றிவிடுபவர்கள் உண்டு. நான் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் அணி ஆட்டக்காரரை வைத்து இப்படிச் செய்ய ஆரம்பித்தால், அவர் ஆடும்போது ஆட்டத்தைப் பார்ப்பதா விலையைப் பார்ப்பதா என்ற அவஸ்தை வந்துவிடும்.

விலை தெரிந்துகொள்வதும் தொடங்குவதும்

இணையத்தில் ஒருவர் தன் கார்டுக்கு 5,000 டாலர் என்று போட்டிருந்தால் அது அவருடைய ஆசை. விலை என்பது ஒருவர் உண்மையில் கொடுத்த பணம். ஈபே என்ற இணைய விற்பனைத் தளத்தில் 'விற்றவை' என்ற வடிகட்டியைத் தட்டினால், அண்மையில் அதே கார்டு, அதே நிலையில், எவ்வளவுக்குப் போனது என்று தெரியும். இந்த அண்மை விற்பனை விலைகளைத்தான் காம்ப்ஸ் என்கிறார்கள். ஒரே விற்பனையைப் பார்த்து முடிவு கட்டாமல் நான்கைந்தைப் பாருங்கள்.

பொட்டலம் பிரிப்பதில் ஒரு கிளுகிளுப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எந்த ரகக் கார்டு எத்தனை பொட்டலத்துக்கு ஒன்று வரும் என்று உறையிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். சராசரியாகக் கொடுத்த காசு திரும்ப வராது. அண்மைக் காலத்தில் பிரேக் என்று ஒன்று பரவியிருக்கிறது. ஒருவர் நேரலையில் பெட்டியைப் பிரிப்பார். நீங்கள் முன்கூட்டியே ஓர் அணிக்குப் பணம் கட்டியிருந்தால், அந்த அணியின் கார்டுகள் மட்டும் உங்களுக்கு வரும். தன் அணியை மட்டும் தேடுகிறவருக்குப் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு பெட்டியில் உங்கள் அணிக்கு ஒன்றுமே வராமலும் போகலாம். லாட்டரிச் சீட்டு வாங்கும் மனநிலையில் வாங்கினால் வருத்தமில்லை.

ஓர் அணியைப் பின்தொடர்கிறவருக்கு நான் சொல்லும் வழி இதைவிடச் சாதாரணமானது. டாப்ஸ் அணிவாரியாகச் சின்னத் தொகுதி விற்கிறது, முதலில் அதை வாங்குங்கள். அதன் பிறகு வேண்டிய ஆட்டக்காரரின் கார்டைத் தனியாகவே வாங்குங்கள் அல்லது மாற்றிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கம்பெனியைக் கவனியுங்கள். பானினி வெளியிட்ட பேஸ்பால் கார்டுகளில் ஆட்டக்காரர் இருப்பார், ஆனால் தொப்பியிலும் சட்டையிலும் அணியின் சின்னம் அழிக்கப்பட்டிருக்கும், அணிப் பெயருக்குப் பதில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும். லீக்கின் உரிமம் அவர்களிடம் இல்லாததே காரணம். அந்த உரிமம் டாப்ஸிடம் இருக்கிறது. அந்த டாப்ஸின் கார்டு வியாபாரத்தை 2022 ஜனவரியில் ஃபனாட்டிக்ஸ் என்ற கம்பெனி வாங்கிவிட்டது.

மாற்றிக்கொள்ளத் தபாலில் அனுப்பும்போது கார்டை முதலில் பென்னி ஸ்லீவ் எனப்படும் மெல்லிய உறையில் போட்டு, அப்புறம் டாப் லோடர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் இறக்குங்கள். மெல்லிய உறை இல்லாமல் நேராகக் கெட்டி உறையில் தள்ளினால் மூலை போய்விடும். டாப் லோடரின் வாயைச் சாதாரண செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் நீல டேப் பிசின் விடாமல் உரிந்து வரும். அதன் நுனியை லேசாக மடித்து விட்டால், வாங்குகிறவர் நகத்தால் சுரண்ட வேண்டியிருக்காது.